ஆற்றுவாயை வெட்டியது நான்தான்

எறும்பு முட்டையைத் தூக்கிக்கொண்டு சுவரேறக் கண்டால் எனக்குக் கோபம் வரும். மற்றவர்கள் மாரி வந்துவிட்டது என்று விறகை உள்ளே எடுத்துப் போடுவார்கள், கூரைப் பொத்தலுக்குத் தென்னங்கிடுகு தேடுவார்கள். எனக்கு மட்டும் இரண்டு கெண்டைக்காலும் தினவெடுக்கும். இந்த வயதிலும் அப்படித்தான். வீட்டில் இருப்பவர்கள் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். அடி வாங்கியது அவர்களுடைய கால் இல்லையே.

எங்கள் ஊர் பெரியகல்லாற்றுப் பக்கம். ஒருபுறம் கடல், மறுபுறம் வாவி. வாவியை நாங்கள் ஆறு என்றுதான் சொல்வோம். ஆறு கடலோடு சேருகிற இடம் ஆற்றுவாய். கோடை முழுவதும் கடல் மணலைக் கொண்டுவந்து குவித்து அந்த வாயை அடைத்துவிடும். மாரி கனக்குமுன் யாராவது அதை வெட்டிவிட வேண்டும். வெட்டாவிட்டால் மழைத் தண்ணீர் போக வழியில்லாமல் ஆறு பெருகி, அக்கரையில் உள்ள பள்ள வயல்களை மூடிவிடும். அம்மாவுக்குச் சீதனமாக வந்த வயல் அந்த வயல்வெளி வட்டையிலேயே ஆகப் பள்ளமானது. அப்பாதான் அதில் பாடுபட்டார்.

அது வெள்ளைக்காரன் காலம். மேலிடத்து வெள்ளைத்துரையின் உத்தரவு இல்லாமல் ஆற்றுவாயில் யாரும் மண்வெட்டி வைக்கக் கூடாது. முன்னொரு மாரியில் அயலூர்க்காரர் இரண்டு பேர் பொறுக்க மாட்டாமல் வெட்டிவிட்டு மறியலுக்கு, அதாவது சிறைக்கு, போனார்கள். அதற்குப் பிறகு எங்கள் ஊர் ஆண்களுக்கு மண்வெட்டி வயலில் மட்டுந்தான் பிடிக்க வரும். ஆற்றுவாய்ப் பக்கம் போனால் கை கூசும்.

எனக்கு எட்டு வயதிருக்கும். அந்த வருடம் எல்லா அடையாளங்களும் முந்திக்கொண்டு வந்தன. ஆவணி முழுவதும் ஊரை வறுத்தெடுத்த கச்சான் காற்று ஒருநாள் சொல்லாமல் கொள்ளாமல் நின்றுபோனது. தும்பிகள் முற்றத்தில் எங்கள் முழங்காலுயரத்துக்குத் தாழ்ந்து பறந்தன. வேலியில் கார்த்திகைப் பூ ஐப்பசியிலேயே பூத்தது. கடலில் நிற்க வேண்டிய ஆலாப் பறவைகள் ஊருக்குள் வந்து தென்னை மட்டையில் குந்தின. எங்கிருந்தோ வருகிற வாத்துக் கூட்டம் ஆற்றில் இறங்கிக் கரையெல்லாம் இரைச்சல். நண்டுகள் வளையை விட்டு எழும்பி எங்கள் சமையல் குசினிக்குள்ளேயே வந்துவிட்டன. அதுவரை தெற்குப் பக்கம் இரைந்த கடல் வடக்குப் பக்கம் இரையத் தொடங்கியது.

அடையாளம் சொல்ல ஊரில் ஆளுக்குக் குறைவில்லை. கோயிலடியில், கடையடியில், தோணி கட்டுகிற இடத்தில், எங்கே நாலு பேர் கூடினாலும் இதே பேச்சுத்தான். ஒருவர் எறும்பைக் கண்டிருப்பார், இன்னொருவர் நிலாவைச் சுற்றி வட்டம் கண்டிருப்பார். "இந்த முறை பெருமாரிதான்" என்று தலையை ஆட்டிவிட்டு வெற்றிலையைத் துப்பிவிட்டு எழும்பிப் போவார்கள். எனக்கு இப்போது நினைத்தாலும் பற்றிக்கொண்டு வருகிறது. எறும்பு அடையாளத்தைப் பார்த்துவிட்டுச் சும்மா இருக்கவில்லை, முட்டையைத் தூக்கிக்கொண்டு ஓடியது. மனிதர்கள்தான் குந்தியிருந்து பேசினார்கள்.

ஊர்த் தலைவர் விதானையார் உத்தரவு கேட்டு ஆள் அனுப்பியிருந்தார். ஆள் திரும்பி வந்தார், உத்தரவு வரவில்லை. இதற்கிடையில் முதல் மழைகள் பெய்து ஆறு ஏறிக்கொண்டிருந்தது. அப்பா விதைநெல் முழுவதையும் விதைத்துவிட்டார். பயிர் ஒரு சாண் உயரம். வீட்டில் மறு விதைப்புக்கு ஒரு மணி நெல் இல்லை. பயிர் அழுகினால் அடுத்த வருடம் தின்னவும் இல்லை, விதைக்கவும் இல்லை. அப்பா ஒவ்வொரு நாளும் தோணியில் அக்கரைக்குப் போய், வரம்பில் நின்று பார்த்துவிட்டுத் திரும்பி வருவார். அவருடைய சாரத்தில் நனைந்த இடம் நாளுக்கு நாள் மேலே ஏறியது.

ஒரு மத்தியானம் அம்மா அகப்பையைச் சட்டிக்குள் எறிந்தாள்.

"எறும்புக்குத் தெரியிது, நண்டுக்குத் தெரியிது. துரைக்குத்தான் தெரியல்ல."

வாசலில் இருந்து கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்த மாமா சிரித்தார். அம்மாவுக்கு இளையவர், கல்யாணம் முடிக்காதவர், எங்கள் வீட்டில்தான் சாப்பாடு. "துரைட வீட்டுக்குள்ள நண்டு போனாத்தான் தெரியுங்கா அக்கா" என்றார்.

"நீ பல்லக் காட்டு. என்ட வெள்ளாம அழுகுது."

"ஆம்பிளையள் ஆரும் கை வெச்சா மறியல். என்ன செய்யச் சொல்ற?"

மாமா வலையைக் கீழே வைத்துவிட்டு, தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தார். நான் குசினி வாசலில் நண்டொன்றைக் கயிற்றில் கட்டி இழுத்துக்கொண்டிருந்தேன்.

அடுத்த நாள் காலையில் மாமா என்னையும் பெரியம்மாவின் இரண்டு பொடியன்களையும் தோணியில் ஏற்றி ஆற்றுவாய் மணல்மேட்டுக்குக் கொண்டுபோனார். ஆளுக்கொரு தேங்காய்ச் சிரட்டை தந்தார். ஆறு விளையாட்டு விளையாடலாம் என்றார். மணலில் வாய்க்கால் தோண்டித் தண்ணீர் விடுவது எங்களுக்குப் பழகிய விளையாட்டுத்தான். ஆனால் அன்றைக்குப் பரிசு இருந்தது. யாருடைய ஆறு முதலில் கடலைத் தொடுகிறதோ அவர்களுக்குக் காத்தான்குடிக் கடையில் தொதல் இனிப்பில் ஒரு பெரிய துண்டு.

"கடல் பக்கத்தால தோண்டித்து வாங்க" என்றார் மாமா. "ஆத்துப் பக்கத்துக் கரைய கடைசியாத்தான் உடைக்கணும். முந்தி உடைச்சாக்களுக்குத் தொதல் இல்ல."

நாங்கள் விளையாடும்போது ஆற்றுப் பக்கமாகத்தான் தொடங்குவோம். தண்ணீர் உள்ளே ஓடிவருவதைப் பார்ப்பதுதானே சந்தோசம். ஏன் இந்த மறுத்தான் சட்டம் என்று நான் கேட்கவில்லை. தொதல் என்றால் எனக்கு உயிர். பொடியன்களுக்கு மேடான இடத்தைக் காட்டினார். எனக்குப் போன வருடம் வெட்டிய தடம் இன்னும் பள்ளமாகக் கிடந்த இடத்தைக் குதிக்காலால் கீறிக் காட்டினார்.

"நீ இதில தோண்டு புள்ள. உனக்கு இதுதான் ராசி."

பெண்பிள்ளை என்று இரங்குகிறார் என நினைத்து உள்ளுக்குள் குளிர்ந்துபோனேன். மாமா தோணி நிழலில் படுத்து முகத்தில் துவாயைப் போட்டுக்கொண்டார். ஒரு பிடி மணலைக்கூட அவர் தொடவில்லை. நான் தோண்டினேன். நகக்கண்ணெல்லாம் மணல், முதுகு வெயிலில் காய்ந்தது. பொடியன்கள் இடையில் சண்டை பிடித்துக்கொண்டு நின்றார்கள். நான் நிற்கவில்லை. கடைசியில் ஆற்றுப் பக்கம் ஒரு முழ மணல்தான் மிச்சம். அதைச் சிரட்டையால் அள்ளவில்லை, காலால் உதைத்தேன்.

தண்ணீர் என் பாதத்தைச் சுற்றிக்கொண்டு உள்ளே வந்தது. முதலில் நூல் போல ஓடியது. கடலைத் தொட்டது. நான் கத்தினேன், குதித்தேன். பிறகு இரண்டு பக்கமும் மணல் துண்டு துண்டாக இடிந்து விழத் தொடங்கியது. தண்ணீரின் சத்தம் மாறியது. அவ்வளவு நேரமும் குறட்டை விட்ட மாமா, அந்தச் சத்தம் மாறிய அதே கணத்தில் எழும்பி ஓடிவந்து என்னைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு மேட்டுக்கு ஏறினார். சற்று முன் நான் நின்ற இடத்தில் இப்போது ஆறு ஓடியது. பின்னேரத்துக்குள் தோணி போகுமளவு அகலம். ஊரே வலையோடு ஓடிவந்தது. றாலும் மீனும் வாரிக்கொண்டு போனார்கள். அக்கரையில் தண்ணீர் வடிந்து பயிரின் நுனி தெரிந்தது என்று அப்பா வந்து சொன்னபோது அம்மா அடுப்படியில் நின்றபடியே முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். அயல் பெண்கள் வந்து எனக்கு நெற்றி வழித்துத் திருஷ்டி கழித்தார்கள். நான் ராணி மாதிரி இருந்தேன்.

இரண்டொரு நாளில் துரை வருகிறார் என்று செய்தி வந்தது. அன்று காலையில் எழும்பியபோதே அம்மா அம்மியில் மஞ்சள் அரைத்துக்கொண்டிருந்தாள். அடுப்பில் சின்னச் சட்டியில் வேப்பெண்ணெய். எனக்கு அந்த மணம் பிடிக்காது.

"ஆருக்கம்மா இது?"

"ஆருக்காவது தேவப்படும். கேள்வி கேக்காமப் போய் முகத்தக் கழுவு."

என் தலையை அன்றைக்கு வழக்கத்தைவிட நேரமெடுத்து வாரிவிட்டாள். துரை வருவதால்தான் என்று நினைத்துக்கொண்டேன். எனக்குப் பரிசு தரத்தான் அவர் வருகிறார் என்பதில் எனக்குக் கொஞ்சமும் சந்தேகம் இருக்கவில்லை.

பூவரசமரத்தின் கீழ் கதிரை போட்டுத் துரை இருந்தார். சிவந்த முகம், சிவந்த கழுத்து. அவர் இங்கிலீசில் கேட்டதைக் கூட வந்த கிளாக்கர் தமிழில் கேட்டார். உத்தரவில்லாமல் வெட்டியது யார்?

ஆண்கள் எல்லோரும் நிலத்தைப் பார்த்தார்கள். விதானையார் தலைப்பாகையைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, "விளையாட்டுப் புள்ளையள் செஞ்ச வேல ஐயா. வளந்த ஆக்கள் ஒருத்தரும் அந்தப் பக்கம் போகல்ல" என்றார்.

"எந்தப் பிள்ளை?"

நான் கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னுக்கு ஓடினேன். "நான்தான் வெட்டினன்! இவனுகளுக்கு ஏலாமப் போயித்து, நான்தான் வெட்டினன்!"

துரையின் முகத்தில் சிரிப்பு வருவதுபோல இருந்து வராமல் போனது. அவர் எதையோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் அப்பா வேலியில் ஒரு கிளுவங்கம்பை முறிக்கிற சத்தம் கேட்டது. அதுவரை அப்பா என்மீது கை வைத்ததில்லை. அதனால் கம்போடு அவர் வருவதைப் பார்த்துக்கொண்டே நின்றேன். முதல் அடி விழுந்த பிறகும் அது எனக்குத்தான் என்று விளங்கவில்லை.

"இனி ஆத்துவாய்ப் பக்கம் போவியா? போவியா?"

கம்பு முறிந்தது. இனி விடுவார் என்று நினைத்தேன். வேலிக்குப் போய் இன்னொன்று முறித்துக்கொண்டு வந்தார். அம்மாவைத் தவிர ஊர் முழுவதும் நின்றது. எனக்கு நெற்றி வழித்த பெண்கள் நின்றார்கள். எங்கள் வட்டையில் வயல் வைத்திருந்த அத்தனை ஆண்களும் நின்றார்கள். ஒரு வாய் திறக்கவில்லை. நான் மாமாவைத் தேடினேன். அவர் மரத்துக்கப்பால் நின்று வடக்கு வானத்தைப் பார்த்துக்கொண்டு பக்கத்தில் நின்றவரிடம், "வாடக் காத்து எழும்பித்து, நாளைக்கு ஊத்தும்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். என் தொண்டை கிழியக் கத்தினேன், "மாமாதான் சொன்னார்" என்று. அழுகையில் யாருக்கும் அது விளங்கவில்லை. விளங்கியவர்கள் விளங்காததுபோல நின்றார்கள்.

துரை கையை உயர்த்தி ஏதோ சொன்னார். "போதுமாம், விடட்டாம்" என்றார் கிளாக்கர். துரை எழும்பிப் போனார். ஊரில் ஒருவரும் மறியலுக்குப் போகவில்லை. மாமா சொன்னபடி மறுநாளே வானம் பிளந்துகொண்டு ஊற்றியது. அவ்வளவு தண்ணீரும் நான் உதைத்துத் திறந்த வாயால் கடலுக்குப் போனது. தைமாதம் எங்கள் வீட்டில் புதுநெல் குவிந்தது. அந்தச் சோற்றை எல்லோரும் ருசித்துத் தின்றார்கள்.

மாமா தொதல் கொண்டுவந்து தந்தார். நான் அதை முற்றத்தில் வீசியெறிந்தேன். அவர் பொறுக்கி, மணலை ஊதிவிட்டுத் தானே தின்றார். அப்பா அடித்த நாளில் வீட்டுக்கு வராமல் வயல் வாடிக் குடிசையிலேயே படுத்துக்கொண்டார். வந்த பிறகும் என் கால்களைப் பார்க்க மாட்டார். நான் அவரோடு பேசவில்லை. அடுத்த எறும்பு சுவரேறும்வரை பேசவில்லை. வளர்ந்த பிறகு ஒன்று விளங்கியது. ஒரு சிறுபிள்ளையை, அதுவும் பெண்பிள்ளையை, விலங்கு போட்டுக் கொண்டுபோக எந்தத் துரைக்கும் மனம் வராது. அதற்காகத்தான் என்னைத் தேடியெடுத்திருக்கிறார்கள். நம்பும்படி அடி விழ வேண்டும் என்பதற்காகத்தான் இரண்டாவது கம்பு. விளங்கியது, ஆனால் கோபம் ஆறவில்லை. விளங்கினால் ஆறிவிடும் என்று யார் சொன்னது? ஊரைக் காப்பாற்ற வேண்டுமென்றால் என்னிடம் சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் நானே காலை நீட்டியிருப்பேன்.

அந்த ஊரிலேயே எனக்காக இருந்த ஒரே ஆள் அம்மா என்றுதான் இத்தனை காலமும் நினைத்திருந்தேன். அடி வாங்கிக்கொண்டு வீட்டுக்கு ஓடி அவள் மடியில் விழுந்தேன். எங்கே அடி, ஏன் அடி, யார் அடித்தது என்று அவள் ஒன்றும் கேட்கவில்லை. பாவாடையை முழங்காலுக்கு மேலே தூக்கிவிட்டு, பக்கத்தில் இருந்த சிரட்டையை எடுத்துக் கெண்டைக்காலில் மஞ்சளெண்ணெய் தடவினாள். தடவிய இடத்தையே திரும்பத் திரும்பத் தடவினாள். எனக்காக உருகுகிறாள் என்று அந்தக் கையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதேன்.

அம்மா செத்து எத்தனையோ மாரி போய்விட்டது. போன ஐப்பசியில் அடுத்த வீட்டுப் பிள்ளை வழுக்கி விழுந்து காலெல்லாம் சிராய்ப்பு. மஞ்சளரைத்து வேப்பெண்ணெயில் காய்ச்சினேன். பிள்ளை வலியில் அலறுகிறது, சட்டியோ கொதிக்கிறது. விசிறியால் விசிறினேன், ஊதினேன், சிரட்டையில் ஊற்றித் தண்ணீரில் வைத்தேன். தொடுகிற பதத்துக்கு அது லேசில் வரவில்லை. குந்தியிருந்து காத்துக்கொண்டிருக்கும்போதுதான் எனக்கு நினைவு வந்தது. அன்றைக்கு நான் அழுதுகொண்டு ஓடிவந்தபோது, அம்மாவின் சிரட்டையில் எண்ணெய் நன்றாக ஆறியிருந்தது.