ரீத்தம்மாள் ரோஜா

இன்று கும்மிடிப்பூண்டி மாதா கோயிலில் அர்ச்சியசிஷ்ட ரீத்தம்மாள் திருநாள். சாமியார் மந்திரித்துக் கொடுத்த ரோஜாவை முகர்ந்ததும் ஆரம்பாக்கத்தில் நாங்கள் இருந்த குடிசைக்கே போய்விட்டேன்.

எதிர்த்துப் பேசினார் என்று ஆண்டை களத்தில் வைத்து அடித்ததில் அப்பா செத்துப்போனார். அண்ணன்கள் இருவரும் அரிவாளைத் தீட்டினார்கள். கோயில் உபதேசியார் ஓடிவந்து அம்மாவுக்குப் புனிதை ரீத்தம்மாளின் கதையைச் சொன்னார். கணவனைக் கொன்றவர்களைப் பழிவாங்கித் தன் பிள்ளைகள் கொலைகாரர்களாவதைவிட அவர்கள் செத்துப்போவதே மேல் என்று ஆண்டவரிடம் வேண்டிக்கொண்டவராம்.

"புள்ளைங்களத்தான அந்தம்மா தடுத்துச்சி?" என்று கேட்ட அம்மா, அரிவாளைப் பிடுங்கிக் கிணற்றில் போட்டாள்.

அந்த மழைக்காலத்தில் ஆண்டைக்கு விஷக் காய்ச்சல். மந்திரித்த ரோஜா இதழை ஊறவைத்த தண்ணீர் காய்ச்சலைத் தீர்க்கும் என்று ஊரே நம்பியது. எங்கள் அடுப்பு மேலிருந்த தகர டப்பாவில் மட்டும்தான், புகையும் ரோஜாவும் மணக்க, கொஞ்சம் மீந்திருந்தது. அதுவரை எங்கள் தெருவில் கால் வைக்காத ஆண்டையின் மனைவி வாசலில் நின்று கையேந்தினாள்.

"ஒரே ஒரு எதழு குடும்மா. அவுரு பொழச்சிக்கினா போதும்."

"எங்க ஊட்டுக்காரரும் இப்டித்தான் கெஞ்சினாரு" என்ற அம்மா, டப்பாவிலிருந்த இதழ்களை மொத்தமாக வாயில் போட்டு, அவள் கண்ணெதிரே மென்று விழுங்கினாள்.

ஆண்டை பிழைத்துக்கொண்டான். அந்த ஆத்திரம் எனக்கு இன்னும் அடங்கவில்லை. இன்று கிடைத்த ரோஜாவைக் கோயில் வாசலிலேயே பிய்த்து வாயில் போட்டு மென்றேன். நாக்கெல்லாம் துவர்த்தது.

அம்மா அன்று முகம் சுளிக்கவே இல்லை.