டின்னின் பின்பக்கம்

உதிரிபாகக் கடையில் பத்தொன்பது வருடமாக எண்ணெய் அலமாரியைப் பார்த்துக்கொள்பவரைத் தெருவே ‘ஆயில் அக்கா’ என்றுதான் கூப்பிடும். அவர் வேலைக்குச் சேர்ந்தபோது அலமாரியில் நான்கே வகை எண்ணெய். இப்போது நாற்பது. மழைக்கு ஒன்று, வெயிலுக்கு ஒன்று, கிழட்டு இஞ்சினுக்கு ஒன்று, நெரிசலில் ஊர்கிறவர்களுக்கு ஒன்று. போதாக்குறைக்குக் கம்பெனிப் பிரதிநிதி நாற்பத்தொன்றாவதாக ஒரு இளஞ்சிவப்பு டின்னைக் கொண்டுவந்து வைத்தார்.

“லேடீஸ் ஓட்டுற ஸ்கூட்டருக்குன்னே செஞ்சது மேடம்.”

“மேல யாரு உக்காந்திருக்காங்கன்னு இஞ்சினுக்கு எப்படி சார் தெரியும்?”

அவர் சிரித்து மழுப்பினார். அக்காவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எல்லாம் ஒரே குட்டையில் ஊறின மட்டைதான், டின்தான் வேறு வேறு என்று அன்றே தீர்மானித்துவிட்டார்.

அந்த வாரமே அவருடைய தம்பி வந்தான். பைக்கில் பார்சல் கொண்டுபோய்க் கொடுப்பது அவன் வேலை. வண்டிக்கு எண்ணெய் மாற்ற வேண்டும், ஆனால் கடையில் பைக் எண்ணெய் இருப்பு தீர்ந்திருந்தது. அக்கா ஸ்கூட்டர் எண்ணெயை எடுத்து நீட்டினார்.

“ஸ்கூட்டர் படம் போட்டிருக்கேக்கா?”

“படத்தையா ஊத்தப்போற? எண்ணெயத்தானே!”

நாலாம் நாள் மதியம், சட்டை முதுகோடு ஒட்டிக்கொள்ள, தம்பி வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்து சேர்ந்தான். மேம்பால ஏற்றத்தில் இஞ்சின் கத்து கத்தென்று கத்தியிருக்கிறது. வண்டி மட்டும் நகரவில்லை.

எதிர்க்கடை மெக்கானிக் பிரித்துப் பார்த்துவிட்டு, “ஸ்கூட்டர் எண்ணெயா ஊத்தின?” என்றார்.

தம்பி அக்கா பக்கம் திரும்பிப் பார்த்தான், அவ்வளவுதான்.

“ஸ்கூட்டர்ல கிளட்ச் தனியாக் காய்ஞ்சு கெடக்கும். இதுல எண்ணெயிலயே முங்கிக் கெடக்குது. ஸ்கூட்டர் எண்ணெயில வழுவழுப்பு அதிகம், அதான் பிடிக்காம வழுக்குது. பிளேட்டெல்லாம் கருகிப்போச்சு. இத யாரு குடுத்தா?”

“நான்தான்” என்றார் அக்கா. பத்தொன்பது வருடத்தில் இவ்வளவு சின்னக் குரலில் அவர் பேசி யாரும் கேட்டதில்லை.

தம்பிக்கு இரண்டு நாள் வேலை போயிற்று. அக்காவுக்குத் தன்மேல் வந்த கோபம் மெல்ல டின்கள்மேல் திரும்பியது. பூதக்கண்ணாடியை எடுத்துக்கொண்டு ஒவ்வொரு டின்னின் பின்பக்கத்தையும் படித்தார். எறும்பு ஊர்ந்தது போன்ற எழுத்துகள். கெட்டித்தன்மையைச் சொல்லும் எண், எந்த வகை இஞ்சினுக்கு என்று சொல்லும் குறியீடு. மழைக்கானதற்கும் வெயிலுக்கானதற்கும் புள்ளி பிசகாமல் ஒரே குறி. இளஞ்சிவப்புக்கும் சாதா ஸ்கூட்டர் எண்ணெய்க்கும் அப்படியே. ஆனால் ஸ்கூட்டருக்கும் பைக்குக்கும் வேறு. டீசலுக்கு வேறு. இரண்டு மதியம் போனபின் நாற்பத்தொன்று பதினொன்றாகச் சுருங்கியது.

நாற்பத்தொன்றும் புளுகு என்றால் நிம்மதியாகத் திட்டிவிட்டுப் போயிருக்கலாம். பதினொன்று நிஜம் என்பதுதான் தலைவேதனை. அதிலும் கிழட்டு இஞ்சின் டின் எதிலும் அடங்கவில்லை. “பழைய ரப்பர் சீலுக்கு ஏதோ மருந்து சேக்குறாங்க, அது குறியில வராது. சில வண்டில கசிவு குறையுது, சிலதுல ஒண்ணும் ஆகல” என்றார் மெக்கானிக். அக்கா நெற்றியில் அடித்துக்கொண்டார்.

மறுநாள் டின்களையெல்லாம் முதுகு தெரியும்படி திருப்பி, ஒரே குறி உள்ளவற்றை ஒரே தட்டில் அடுக்கினார். பிரதிநிதி அலறிக்கொண்டு முதலாளியிடம் ஓடினார். முதலாளி அலமாரியையும் பார்த்தார், அக்காவின் முகத்தையும் பார்த்தார். “அந்தப் பக்கம் அவங்க பாத்துக்குறாங்க” என்று நழுவிவிட்டார்.

ஒரு காலையில் கார்க்காரர் ஒருவர் அவசரமாக வந்தார். “இருக்கறதுலயே நல்ல ஆயிலாக் குடுங்க.”

“வண்டியோட வந்த புத்தகம் எங்க?”

“அதுவா? கவரே பிரிக்கலியே.”

“பிரிச்சு, எந்த எண்ணெய்னு போட்டிருக்கற பக்கத்தக் காட்டுங்க.”

“ஒரு எண்ணெய் வாங்க இவ்வளவு பாடா?” என்று முணுமுணுத்துக்கொண்டே அவர் காரை நோக்கி நடந்தார்.

“நானும் அதத்தான் சார் கேக்குறேன்” என்றார் அக்கா.