பொங்கிய மாவும் பற்றாத நெருப்பும்

1997, டிசம்பர் கடைசி வாரம். கலிஃபோர்னியாவில் நாங்கள் இருந்த சான் ரமோனிலிருந்து நாலு மணி நேரம் கிழக்கே, மலை மேல் ஒரு கேம்ப்கிரவுண்ட். ட்ரக்குக்குப் பின்னால் கொக்கி போட்டு இழுத்துப் போகிற பழைய ட்ரெய்லர் ஒன்றை அந்த வருஷம்தான் வாங்கியிருந்தோம். ஒரு கட்டில், ஒரு அடுப்பு, கட்டிலுக்குக் கீழே, உள்ளே சூடேற்ற, கேஸில் எரிகிற சின்ன ஃபர்னஸ். அவ்வளவுதான் வீடு. நான், என் கணவர், ஐந்து வயது மகள். பனி பார்க்கணும் என்று அடம்பிடித்தது மகள் இல்லை, நான். ஓரிடத்தில் தரிக்காத கால் எனக்கு.

கூடவே ஒரு தூக்கு நிறைய இட்லி மாவு. சிரிக்காதீர்கள். வீட்டில் என்றால் ஓவனுக்குள் லைட்டைப் போட்டு வைத்துவிடுவோம், எந்தக் குளிரிலும் மாவு புளித்துவிடும். ட்ரெய்லரில் எங்கே போவது? ஃபர்னஸின் கம்பித் தடுப்பை ஒட்டித் தூக்கை வைத்தேன். காலையில் பார்த்தால் மூடியைத் தள்ளிக்கொண்டு மாவு பொங்கி வழிந்திருந்தது. எனக்குப் பெருமை தாங்கவில்லை. வெளியே வழிந்ததைத் துடைத்தேன். கம்பிகளுக்கு உள்ளே போனது பற்றி யோசிக்கவே இல்லை.

மல்லிகைப்பூ மாதிரி இட்லி சாப்பிட்டு முடித்தபோது வெளியே பனி கொட்ட ஆரம்பித்தது. மத்தியானத்துக்குள் மகளுக்கு உடம்பு சுட்டது. ட்ரெய்லருக்குள் பேசினால் வாயிலிருந்து புகை வந்தது. ஃபர்னஸைப் போட்டால் ஃபேன் சுற்றுகிறது, குளிர்ந்த காற்று வருகிறது, நெருப்பு மட்டும் பற்றவில்லை. அணைத்தோம், போட்டோம், மறுபடி அணைத்தோம். இரண்டு மணி நேரம் இதே கதை. கணவர் மகளைத் தன் கோட்டுக்குள் வைத்து மூடிக்கொண்டு, “எலக்ட்ரிகல் எஞ்சினியர் மேடம், இன்னிக்காவது அந்த டிகிரிக்கு ஒரு வேலை குடுங்களேன்” என்றார்.

ரோஷம் வந்துவிட்டது. மூடியைக் கழற்றினேன். டார்ச் வெளிச்சத்தில் ஒயர் ஒயராகத் தொடர்ந்து போனேன். ஃபேனுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஸ்விட்ச். அதைத் தாண்டி மின்சாரம் போகவில்லை. கண்டுபிடித்துவிட்டேன்! ஸ்விட்ச் அவுட். அதன் இரண்டு ஒயர்களையும் நேராகச் சேர்த்து முறுக்கிவிட்டால் தீர்ந்தது. ஊரில் எத்தனை மோட்டாரை இப்படி ஓட்டியிருக்கிறோம்!

கத்தியால் ஒயரின் நுனியைச் சீவிக்கொண்டிருந்தபோது கதவு தட்டப்பட்டது. பக்கத்து ட்ரெய்லர்க்காரப் பெண். என்னைவிடப் பத்து வயதாவது சின்னவள், லாரி ஓட்டுகிறவள் என்று பிறகு தெரிந்தது. கீழே இறங்குகிற சாலையை மூடிவிட்டார்கள், நாளை வரை திறக்காது என்று சொல்ல வந்திருந்தாள். சொல்லி முடிக்குமுன் என் கையைப் பார்த்துவிட்டாள்.

“முதலில் அதைக் கீழே வை” என்றாள். அதட்டல் இல்லை. ஆனால் நான் வைத்துவிட்டேன்.

பனியோடு பூட்ஸைக் கழற்றிவிட்டு வந்து தரையில் படுத்து உள்ளே பார்த்தாள். விரலால் ஒன்றைக் காட்டினாள். அந்த ஸ்விட்சின் நுனியில் நகத்தைவிடக் கொஞ்சம் பெரிதாக ஒரு தகடு, புளிய இலை அளவுக்கு மெல்லியது. ஃபேன் நல்ல வேகத்தில் சுற்றினால்தான் அந்தக் காற்றில் இந்தத் தகடு எழும்பும். தகடு எழும்பினால்தான் கேஸ் திறக்கும், நெருப்பு பற்றும். காற்று குறைந்தால் தகடு விழும், நெருப்பும் அணையும். அப்படி அணையாமல் எரிந்துகொண்டே இருந்தால் உள்ளே இரும்பு காய்ந்து விரிசல் விடலாம். அதன் வழியாக வாசனை இல்லாத விஷக் காற்று நீங்கள் தூங்குகிற இடத்துக்கு வரலாம் என்றாள். பிறகு தலைக்கு மேல் பல்பைக் காட்டினாள். அது மஞ்சளாக அழுதுகொண்டிருந்தது. இரண்டு மணி நேரமாக நாங்கள் ஓட்டிய ஃபேன் பேட்டரியைக் குடித்து முடிக்கும் நிலையில் இருந்தது. நான் மட்டும் அந்த ஒயரை முறுக்கியிருந்தால், ஃபேன் தளர்ந்துகொண்டே போக, நெருப்பு எரிந்துகொண்டே இருந்திருக்கும். பக்கத்தில் என் குழந்தை தூங்கிக்கொண்டிருந்திருப்பாள்.

சீவிய ஒயரை விட்டுத் தள்ளி உட்கார்ந்தேன்.

தகட்டை அவள் தொட்டாள். அசையவில்லை. வெள்ளையாக ஏதோ காய்ந்து ஒட்டியிருந்தது. சுரண்டி முகர்ந்து பார்த்து, “இது என்ன, பசையா?” என்றாள்.

“எங்க காலைச் சாப்பாடு” என்றார் என் கணவர்.

அவள் சிரித்த சிரிப்பில் ட்ரெய்லரே ஆடியது. காது குடையும் பஞ்சுக்குச்சியை வெந்நீரில் தொட்டுத் தொட்டு, குழந்தையின் கண்பீளையைத் துடைக்கிற மாதிரி துடைத்தாள். அவள் ட்ரக்கிலிருந்து கேபிள் போட்டு எங்கள் பேட்டரிக்கு உயிர் கொடுத்தாள். “இப்போது போடு” என்றாள்.

ஃபேன் எழுந்தது. நான் தரையோடு தரையாகக் கன்னம் வைத்துப் பார்த்தேன். தகடு ஒரு கணம் தயங்கியது. பிறகு மெல்ல, யாரோ ஊதியது போல, தலை தூக்கியது. டிக், டிக், டிக். ஒரு பெருமூச்சோடு நெருப்பு நீலமாக விரிந்தது. எத்தனையோ கோயில்களில் தீபாராதனை பார்த்திருக்கிறேன். அப்படி மயிர்க்கூச்செறிந்தது இல்லை. கோட்டுக்குள்ளிருந்து தலையை நீட்டி மகள், “அம்மா, இட்ஸ் ப்ரீதிங்!” என்றாள்.

போகும்போது அந்தப் பெண் சொல்லிவிட்டுப் போனாள்: தடுப்புக்கு முன்னால் எதையும் வைக்காதே, இன்னொரு பேட்டரி வாங்கிக்கொள், குளிர்காலத்துக்கு முன் புகை போகிற வெளிக்குழாயில் குளவி கூடு கட்டியிருக்கிறதா பார். மூன்றையும் செய்தோம். அந்த ட்ரெய்லரை விற்கிற நாள் வரை ஃபர்னஸ் ஒரு தடவைகூட எங்களைக் கைவிடவில்லை. மீதி மாவை ஒரு டப்பாவில் ஊற்றி அவளுக்குக் கொடுத்தேன். அதை என்ன செய்தாளோ!

நான் கெட்டுப்போனது என்று நினைத்த அந்தச் சின்ன ஸ்விட்ச்தான் அன்று எங்களைக் காத்துக்கொண்டிருந்தது. இப்போதெல்லாம் ஒரு கருவியோ மனிதரோ எனக்கு ‘மாட்டேன்’ என்றால், கோபம் வருவதற்கு முன் கொஞ்சம் பயத்தோடும் நிறைய மரியாதையோடும் ஏன் என்று கேட்கத் தோன்றுகிறது.