கண்ணாடிக்கும் முகத்துக்கும் நடுவில்

நம்புங்கள் என்று யாரிடமும் நான் மல்லுக்கட்டுவதில்லை. ஆனால் இது நடந்தது. பட்டப்பகலில், தீவிர சிகிச்சைப் பிரிவில், என் கைக்கெட்டும் தூரத்தில்.

மூளையில் அடிபட்டவர் கண் திறந்துவிட்டால் நினைவு வந்துவிட்டது என்று அர்த்தமில்லை. உள்ளே ஆள் இருக்கிறாரா என்று சோதிப்பதுதான் என் வேலை. அதற்கு ஒரு எளிய கருவி, முகம் பார்க்கும் கண்ணாடி. எதையும் கவனிக்காத கண்கூடத் தன் முகத்தைக் கண்டால் அதன் பின்னாலேயே போகும். போனால், ஆள் இருக்கிறார்.

அன்றைய நோயாளி ஒரு லாரி ஓட்டுநர். கழுத்தில் குழாய், அதன் வழியே இயந்திரம் தரும் மூச்சு. அதை நிறுத்துவதா வேண்டாமா என்று மாலையில் முடிவெடுப்பார்கள். என் ஒரு வார்த்தைக்காக அவர் மனைவி கட்டிலைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"கண்ணாடின்னா உயிர் டாக்டர் இவருக்கு. தலை சீவவே அரை மணி நேரம்."

"அப்ப இன்னைக்கும் பாத்துருவாரு, விடுங்கக்கா," என்றார் நர்ஸ்.

கண்ணாடியை இடப்பக்கம் நகர்த்தினேன். கண் வரவில்லை. வலப்பக்கம். இல்லை.

ஆனால் இரண்டு கருவிழிகளும் மூக்கை நோக்கித் திரும்பியிருந்தன. உங்கள் விரலை மூக்கருகே கொண்டுவந்து பாருங்கள், புரியும். பொருள் நெருங்க நெருங்கக் கண்கள் உள்ளே திரும்பும். என் கண்ணாடி ஒரு முழ தூரத்தில் இருந்தது. அவர் பார்த்தது ஒரு சாண் தூரத்தில்.

அங்கே ஒன்றுமில்லை.

"இவருக்கு மாறுகண் உண்டாம்மா?"

"இல்லையே டாக்டர்..."

நரம்பு அடிபட்டாலும் இப்படி ஆகும். 'பார்வை தொடரவில்லை' என்று எழுதப் பேனாவை எடுத்தேன்.

"டாக்டர்... பக்கத்து கட்டிலைப் பாருங்க." நர்ஸ் கையைக் காட்டினார்.

அங்கே நினைவில்லாத ஒரு பெரியவர். அவர் கண்களும் அதே இடத்தில்.

எதிர்க் கட்டில் பெண். அவளும்.

மூன்று பார்வைகளும் ஒரே புள்ளியில்...

கண்ணாடியில் ஆவி படிந்தது. மறைந்தது. மறுபடி படிந்தது.

மூச்சு.

அவர் மூச்சு குழாயில் அல்லவா போகிறது?

யாரிடம் பேசுகிறேன் என்றே தெரியாமல் சொன்னேன்.

"கொஞ்சம்... தள்ளி நில்லுங்க."

குளிர்ச்சியாக ஏதோ என் தோளை உரசிப் போனது.

கண்ணாடி தெளிந்தது. நகர்த்தினேன்.

அவர் கண் கூடவே வந்தது.

"ஏங்க!" என்று மனைவி அலறிவிட்டார்.

இயந்திரத்தை நிறுத்தவில்லை. சில மாதங்களில் அவர் பேசினார். அன்றைக்கு ஏன் கண்ணாடியைப் பார்க்கவில்லை என்று கேட்டேன்.

"எங்க டாக்டர் பாக்குறது? யாரோ ஒரு அம்மா நடுவுல தலைய நீட்டிக்கிட்டு நின்னாங்க. பின்மண்டைதான் தெரிஞ்சுது. கண்ணாடியில அவங்க முகம் விழல. அதத் தேடிக்கிட்டே இருந்தாங்க."



இப்போதெல்லாம் கண்ணாடியை எடுக்கும் முன்பு, "கொஞ்சம் தள்ளி நில்லுங்கம்மா" என்று சொல்லிவிடுகிறேன். சொன்னால் போதும், நகர்ந்துவிடுகிறார்.