ஒரே ஒரு அடி

கொழும்பு ஜிந்துப்பிட்டியில் இடியப்பம் அவிக்கிறவர்களுக்குக் குறைவில்லை. ஆனாலும் நாகமணியின் இடியப்பம் வரும்வரை மூன்று சாப்பாட்டுக்கடைகள் வாசலைப் பார்த்துக்கொண்டிருக்கும். ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்திலிருந்து பத்தொன்பது வயதில் கொழும்புக்கு வீட்டுவேலைக்கு வந்தவள் அவள். புருஷன் செத்த பிறகு, இனி யார் தயவும் வேண்டாம் என்று ஒற்றை அறையில் அடுப்பைப் பற்றவைத்தாள். யாருக்கும் பயந்தவள் இல்லை, பொலிஸைத் தவிர. சண்டைக்காலத்தில் பதிவு, அடையாள அட்டை என்று ஸ்டேஷனுக்கு நடந்த நடை அப்படி.

ஆடிவேல் திருவிழா அன்று காலை அவள் குடியிருந்த குறுகிய ஒழுங்கையில் பாதிப்பேர் ரதம் பார்க்கப் போயிருந்தார்கள். நாகமணிக்கு ஓர்டர் இருந்தது. மாவைக் குழைத்து வைத்துவிட்டுக் குழாயடிக்குப் போய்த் திரும்பினால், பின்கதவால் நுழைந்த ஒருவன் குந்தியிருந்து காஸ் சிலிண்டரைக் கழற்றிக்கொண்டிருக்கிறான். காஸுக்காக வீதியில் நாள்கணக்காக வரிசையில் நின்றதை அவள் மறக்கவில்லை. சிலிண்டர் போனால் பிழைப்பே போச்சு.

"டேய், வையிடா அத!"

அவன் ஒரு கையால் சிலிண்டரைப் பிடித்தபடி மறுகையால் ஸ்க்ரூடிரைவரை நீட்டினான். நாகமணியின் கையில் அகப்பட்டது இடியப்ப உரல். ஓங்கி ஒரே ஒரு அடி, ஸ்க்ரூடிரைவர் பிடித்த மணிக்கட்டில். ஆள் சுருண்டு விழுந்து, "அக்கே, கஹன்ன எப்பா!" என்று, அடிக்க வேண்டாம் அக்கா என்று, சிங்களத்தில் கெஞ்சி அழுதான். அவள் உரலை வைத்துவிட்டு வாசலில் நின்று கத்தினாள். ஓடிவந்தவர்கள் அவனைத் துவைத்தெடுக்கப் பார்த்தபோது, கையை விரித்துக் குறுக்கே நின்றவளும் அவள்தான்.

அதோடு முடிந்திருக்க வேண்டிய விஷயம். பாழாய்ப்போன ஒழுங்கைக்குப் பெருமை பிடித்துவிட்டது! மூன்று அடி என்றது ஒரு வீடு, பத்து என்றது அடுத்த வீடு. முனையில் தேநீர்க்கடை வைத்திருக்கும் ஸ்ரான்லி எல்லாரையும் மிஞ்சினார்.

"அவன் விழுந்த பிறகும் விடேல்ல. எலும்ப எண்ணிப்போட்டா!"

கள்ளனை ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிட்டு விசாரிக்க வந்த பொலிஸ் சார்ஜன்டிடமும் இதைக் கண்ணால் கண்டவர்போலக் கைகாலை ஆட்டிச் சொன்னார், எழுதியதற்குக் கீழே கையெழுத்தும் வைத்தார். சார்ஜன்ட் தனக்குத் தெரிந்த தமிழில் நாகமணியிடம் சொன்னார்:

"வீட்டுக்க வந்தவன தடுக்க அடிக்கலாம். விழுந்தவன அடிச்சா அது வேற கேஸ். நாளைக்கு ஸ்டேஷனுக்கு வாங்க."

நாகமணி வீட்டுக் கதவைச் சாத்தினாள். நேரே தேநீர்க்கடைக்குப் போனாள்.

"மொதலாளி, நான் அடிச்சத நீங்க பாத்தீங்களா?"

கடை நிறைய ஆட்கள். ஸ்ரான்லி ஒரு கிளாஸைத் துடைத்துக்கொண்டே இருந்தார். "பார்த்த மாதிரித்தான்..."

"என்னைய உள்ள போட்டா ஒங்க பெருமையா எனக்குச் சோறு போடும்?" என்று கேட்டுவிட்டுத் திரும்பிப் பாராமல் வந்துவிட்டாள்.

மறுநாள் காலை ஸ்டேஷனுக்குப் போனால், வாங்குப் பலகையில் அவளுக்கு முன்பே வந்து உட்கார்ந்திருக்கிறார் ஸ்ரான்லி. இன்ஸ்பெக்டர் கூப்பிட்டதும் முந்திக்கொண்டு எழுந்தார்.

"சேர், நான் சொன்னது பொய். அந்த நேரம் நான் சலூன் கதிரையில. பாதி முகத்தில நுரையோட ஓடிவந்தனான். வரேக்க எல்லாம் முடிஞ்சுது. நாங்கள் அடிக்கப் போனதை மறிச்சதும் இவதான்."

நுரை என்றதும் இரண்டு கொன்ஸ்டபிள்மார் சிரித்தார்கள். இன்ஸ்பெக்டர் சிரிக்கவில்லை. "பொய் வாக்குமூலத்துக்கு ஒங்களத்தான் உள்ள போடணும். ஏன் அப்பிடிச் சொன்னீங்க?"

ஸ்ரான்லி தலை குனிந்தார். "எங்கட ஒழுங்கையில இப்பிடி ஒரு ஆள் இருக்கு எண்டு சொல்ல ஆசையா இருந்தது, சேர்."

நாகமணிக்கு அவர்மேல் இருந்த கோபமெல்லாம் எங்கே போனதென்றே தெரியவில்லை. தன்னை ஒரு ஆளாக யாரும் இப்படிச் சொல்லி அவள் கேட்டதில்லை.

இன்ஸ்பெக்டர் ஆஸ்பத்திரிக் கடிதத்தை எடுத்துப் பார்த்தார். மணிக்கட்டில் ஒரு முறிவு, வேறு காயமில்லை. நிமிர்ந்து நாகமணியைப் பார்த்தார்.

"கையில உரல் இருந்திச்சு. அவன் கீழ கெடந்தான். ஏன் இன்னொண்டு போடல்ல?"

நாகமணி இதைப்பற்றி யோசித்ததே இல்லை.

"அவன்தான் சிலிண்டர விட்டுட்டானே, சேர்."

இன்ஸ்பெக்டர் பேனையை மூடி வைத்துவிட்டு, இரண்டு பேரையும் வீட்டுக்குப் போகச் சொன்னார்.