எங்கள் கேபிளில் ஜப்பான் ராட்சதன் வந்த வாரம்

கேபிள் டிவி நடத்துகிறவர் வீட்டில் போன் அடித்தால் அது ஒருநாளும் நல்ல செய்திக்காக அடிக்காது. மக்களுக்கு முகம் காட்டி உட்காரும் எந்தத் தொழிலில் நீங்கள் இருந்திருந்தாலும் இது உங்களுக்குப் புரியும். ரேஷன் கடையோ, ரயில்வே கவுன்டரோ, பள்ளிக்கூட ஆபீஸோ, எல்லாருமே நம் ஜாதிதான்.

தொண்ணூறுகளின் நடுவில் நானும் என் கணவர் அருளும் சாந்தோமில் கேபிள் நடத்தினோம். மயிலாப்பூர் மாட வீதிகள், மந்தைவெளியில் கொஞ்சம், கடற்கரைக் குப்பத்தில் கொஞ்சம் என்று எங்கள் ஒயர் போனது. ஒயர் இழுப்பதும் மாடி மாடியாக ஏறுவதும் அவர் வேலை. வீட்டு முன் அறையில் இரண்டு வீடியோ டெக்கையும் ஒரு டெலிபோனையும் வைத்துக்கொண்டு, தினம் இரண்டு படம் போட்டு, திட்டு வாங்குவது என் வேலை.

வேறு கேசட் இல்லை

ஒரு சனிக்கிழமை மத்தியானம் இரண்டு மணிப் படத்துக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது, போட வேண்டிய தமிழ்ப் படத்தின் நாடாவை டெக் மென்று தின்றுவிட்டது. உள்ளே கையை விட்டு இழுத்தால் கொத்துக் கொத்தாக வருகிறது. படத்தின் பேரைக் காலையிலிருந்து திரைக்கு அடியில் எழுத்தில் ஓடவிட்டிருந்தோம். மக்கள் சாப்பிட்டுக் கை கழுவி உட்கார்ந்திருப்பார்கள்.

அலமாரியில் மிச்சம் இருந்தது ஒரே ஒரு கேசட். பர்மா பஜாரில் கேசட் கொடுப்பவர் எதனுடனோ சேர்த்துத் தள்ளிவிட்ட பழைய ஜப்பான் படம், இங்கிலீஷ் பேச்சு. கடலிலிருந்து மலை போல ஒரு ராட்சத மிருகம் எழுந்து வரும். வேறு கிரகத்து ஆட்கள் வெள்ளிச் சட்டை போட்டுக்கொண்டு வந்து இறங்குவார்கள். நாங்கள் உங்கள் சிநேகிதர்கள் என்பார்கள். கடைசியில் பார்த்தால் அந்த மிருகத்தை ஒரு பெட்டியிலிருந்து ஆட்டிவைப்பதே அவர்கள்தான். ஊரெல்லாம் நசுங்கிய பிறகு பெட்டி உடைந்து, மிருகம் அவர்கள் பக்கமே திரும்பும். அந்த இடத்தில் நாடா தீர்ந்துவிடும். முடிவு எங்கள் கேசட்டில் இல்லை. இதையெல்லாம் அருளிடம் சொல்லி, போடட்டுமா வேண்டாமா என்று கேட்டேன். தோளில் ஒயர்ச் சுருளோடு வாசலில் நின்றவர் நிதானமாகச் சொன்னார்: "முடிவு இல்லேன்னா திட்டுவாங்க, படமே இல்லேன்னா வீட்டுக்கே வருவாங்க. போடு ஸ்டெல்லா."

அவர்களுடைய கிரகம்

படம் ஓடிக்கொண்டிருந்தபோது மந்தைவெளிப் பக்கம் ஒரு கம்பத்தில், சிக்னலைத் தூக்கிவிடும் பூஸ்டர் போய்விட்டது. அந்தத் தெரு முழுக்க டிவியில் வெறும் புள்ளி. இந்த மாதிரி நேரத்தில் நிமிஷத்துக்கு ஒரு போன் வரும். அன்று ஒன்றுகூட வரவில்லை. அதனால் எனக்கு விஷயமே தெரியாது.

மூன்றரை மணி வாக்கில் ஒரே ஒரு போன். பேசியவர் அந்தத் தெருவில் குடியிருந்த பாங்க் கிளார்க் பாலகிருஷ்ணன். ஒருநாளும் குரல் உயர்த்தாத மனிதர். படம் எப்போது மறுபடி பூமிக்கு வரும் என்று கேட்டார். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. என்ன தெரிகிறது சார் என்று விசாரித்தேன். கறுப்பும் வெளுப்புமாகப் புள்ளி, 'உஸ்ஸ்' என்று ஒரு சத்தம் என்றார். ஐயோ, அது எங்கள் கோளாறு சார் என்றேன். அவர் கோபமே இல்லாமல் சொன்னார்: "ராக்கெட் கிளம்பினதும் இப்படி ஆச்சு மேடம். அது அவங்க கிரகம்னு நெனச்சு நாங்க முக்கால் மணி நேரமா குடும்பத்தோட பாத்துக்கிட்டிருக்கோம்."

காதர் பாய் தேடிய ஓட்டை

திங்கட்கிழமை காலை கச்சேரி ரோட்டில் தையற்கடை வைத்திருந்த காதர் பாய் கழுத்தில் டேப்போடு நேரே வீட்டுக்கு வந்தார். சனிக்கிழமைப் படத்தில் அந்த மிருகம் முதுகு காட்டித் திரும்பும் இடத்தை மட்டும் ஒரு தரம் பார்க்க வேண்டும் என்றார். குறை சொல்ல வந்தவர் இல்லை என்று தெரிந்ததே எனக்குப் பெரிய நிம்மதி. நாற்காலி போட்டு, கேசட்டை ஓட்டி, அவர் சொன்ன இடத்தில் நிறுத்தினேன்.

திரைக்கு ஒரு சாண் தள்ளி உட்கார்ந்து பார்த்தார். முழங்கால் மடிப்பில் துணி எப்படிச் சேர்கிறது, வாலின் கனம் இடுப்பில் எப்படி நிற்கிறது என்றெல்லாம் தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். உள்ளே இருக்கிற மனுஷனுக்குக் கண் சரியாகத் தெரியவில்லை, அதனால்தான் காலைத் தடவித் தடவி வைக்கிறான் என்றார். நானும் அந்தப் படத்தை முழுக்கப் பார்த்தவள். அதற்குள் ஒரு மனுஷன் இருக்கிறான் என்று எனக்கு ஒரு தரம்கூடத் தோன்றவில்லை. ஒரு பள்ளிக்கூட ஆண்டு விழாவுக்கு யானை உடுப்பு தைக்க ஒப்புக்கொண்டிருக்கிறாராம். தும்பிக்கைக்கு யோசனை தேடுகிறீர்களா பாய் என்று கேட்டேன். திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் பதில் சொன்னார்: "தும்பிக்கை கெடக்குதும்மா. போன வருஷம் நான் தெச்ச கரடிக்குள்ள ஒரு புள்ள மயங்கி விழுந்திடுச்சு. மூச்சுக்கு இவங்க எங்கே வழி விட்டிருக்காங்கன்னு பாக்கறேன்."

வெங்கட்ராமன் சார் கண்டுபிடித்தது

மறுநாள் குடையை ஊன்றிக்கொண்டு தெற்கு மாட வீதி வெங்கட்ராமன் சார் வந்தார். அரசாங்க ஆபீஸில் பெரிய உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்றவர். இரண்டு வருஷமாகக் காது சுத்தமாகக் கேட்பதில்லை. டிவியில் உதட்டைப் பார்த்துத்தான் கதையைப் புரிந்துகொள்வார் என்று அவர் மருமகள் முன்பே என்னிடம் சொல்லியிருந்தாள். எனக்குத் திக்கென்றது. ஜப்பான்காரன் வாய் ஒன்று அசைய, இங்கிலீஷ் வேறொன்று பேசும் படத்தைப் போட்டுவிட்டோமே. ஒரு தாளில், 'மன்னிக்கணும் சார், இது டப்பிங் படம், உதடு சேராது' என்று எழுதி நீட்டினேன்.

மூக்குக்கண்ணாடியை மாட்டிப் படித்தார். மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். பிறகு உட்கார்ந்து பேச ஆரம்பித்தார். காது போனவர்களுக்கே உரிய சத்தமான குரல். வீட்டில் எல்லாரும் ஒரு வசனத்துக்குச் சிரித்தால், எதற்கு என்று கேட்கத் தயங்கி, அரை நிமிஷம் கழித்துத் தானும் சிரித்துவைப்பாராம். சனிக்கிழமை அன்று நிலைமை தலைகீழ். வேக வேகமான இங்கிலீஷ் பிள்ளைக்கும் புரியவில்லை, மருமகளுக்கும் புரியவில்லை. என்ன சொல்கிறான், என்ன சொல்கிறான் என்று ஒருவரை ஒருவர் கேட்டுக்கொண்டு, கடைசியில் அவரிடம் வந்து கேட்டிருக்கிறார்கள். முகத்தைப் பார்த்தே பழகிய அவர், கதை முழுவதையும் சொல்லிக்கொண்டே வந்திருக்கிறார். எழுந்து குடையை எடுத்துக்கொண்டவர் வாசற்படியில் நின்றார். "அந்த வெள்ளிச் சட்டைக்காரன் சிரிச்சான், ஆனா கண்ணு சிரிக்கலை. இவன் நல்லவன் இல்லைன்னு ஆத்துல மொதல்ல சொன்னது நான்தாம்மா. இன்னொரு தரம் போடுவேளா?"

தேசம்மா கேட்ட கேள்வி

அவருக்காகப் புதன்கிழமை பகல் பதினொரு மணிக்கு மறுபடி போட்டேன். படம் தொடங்கி அரை மணி ஆகியிருக்கும். குப்பத்திலிருந்து தேசம்மா வந்து வாசலில் நின்றாள். எங்கள் தெருவில் மீன் விற்பவள், எனக்கு நல்ல பழக்கம். அன்று தலையில் கூடை இல்லை. முந்தின நாள் விடியற்காலை கடலுக்குப் போன அவள் புருஷன் ஏழுமலையின் படகு இன்னும் கரைக்கு வரவில்லை. கரையில் நின்று நின்று முடியாமல், பக்கத்து வீட்டு டிவி முன்னால் போய் உட்கார்ந்திருக்கிறாள்.

அந்தப் படத்தின் முதல் காட்சியே ஒரு மீன்பிடிப் படகுதான். ஐந்து பேர் வலை இழுப்பார்கள். கடலுக்குள் ஒரு வெளிச்சம் வரும், தண்ணீர் கொதிக்கும், அப்புறம் வெறும் கடல். உடனே நிறுத்திவிடுகிறேன் என்று எழுந்தேன். அவள் வேண்டாம் என்று கையைக் காட்டினாள். அந்தப் படகில் போன ஐந்து பேரும் பிறகு வந்தார்களா என்று கேட்டாள். படத்தில் அப்புறம் அவர்களைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது. நான் அவள் முகத்தைப் பார்த்தேன். வந்துவிட்டார்கள், ஒரு தீவில் ஒதுங்கியிருந்தார்கள், அஞ்சு பேருமே வந்துவிட்டார்கள் என்றேன். சரிக்கா என்று சொல்லிவிட்டுப் போனாள். அருளைக் கரைக்கு அனுப்பினேன். பொழுது சாய்வதற்குள் சேதி வந்தது. இன்ஜின் நின்றுபோய்ப் படகு கோவளம் பக்கம் ஒதுங்கியிருக்கிறது, எல்லாரும் பிழைத்துக் கிடக்கிறார்கள்.

வெள்ளிக்கிழமை தேசம்மா கூடையோடு வந்தாள். சட்டியில் சங்கரா மீனைப் போட்டாள். அருகில் உட்கார்ந்து வெற்றிலை மடித்தாள். என்னைப் பார்க்காமலேயே சொன்னாள்: "அன்னிக்கு நானு போயி மீதியும் பாத்தேன்க்கா. அவுங்க எங்கியும் வரல. நீ பொய்யி சொல்றேன்னு சொல்லும்போதே தெரிஞ்சிச்சு. இன்னொரு தபா சொல்லுன்னு கேக்கத்தான் வாய் வரல."

செத்ததா, போனதா?

முடிவு இல்லாத படத்தை இரண்டு தரம் போட்டால் என்ன ஆகும் என்று நீங்களே ஊகித்துக்கொள்ளலாம். கடைசியில் என்ன ஆயிற்று என்று போன் மேல் போன். முதல் நாலு பேரிடம் தெரியாது என்று உண்மையைச் சொன்னேன், நாலு பேரும் திட்டினார்கள். அதற்குப் பிறகு கேட்கிறவர் குரலுக்குத் தகுந்தபடி முடிவு சொல்ல ஆரம்பித்தேன்.

மந்தைவெளியில் ஒரே வீட்டின் கீழே சுசீலா, மாடியில் அம்சா, அண்ணன் தம்பி மனைவிகள். மாடித் தொட்டித் தண்ணீரை யார் மூடினது என்று ஆரம்பித்த சண்டை. இரண்டு வருஷமாக நேருக்கு நேர் ஒரு வார்த்தை கிடையாது. ஒரே வீட்டுக்கு இரண்டு கனெக்ஷன், இரண்டு போன். மூத்தவள் சுசீலா கண்டிப்பானவள், அவளிடம் மிருகம் செத்துவிட்டது என்று சொன்னேன். அம்சா பாவம் பார்க்கிறவள். அது பத்திரமாகக் கடலுக்குள் திரும்பிப் போய்விட்டது என்று அவளிடம் சொன்னேன். இரண்டும் பிள்ளைகள் வாய் வழியாக அந்த வீட்டு மாடிப்படியில் மோதிக்கொண்டன. ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலிலிருந்து நான் திரும்பி வந்தால், இரண்டு பேரும் எங்கள் வாசலில் ஒரு கஜ தூரம் விட்டு நிற்கிறார்கள்.

செத்துப்போச்சுன்னு நீங்கதானே சொன்னீங்க, அவங்களுக்குச் சொல்லுங்க என்றாள் மூத்தவள். கடலுக்குப் போயிடுச்சுன்னு சொன்னீங்களே, அதை அவங்ககிட்ட சொல்லுங்க என்றாள் இளையவள். இரண்டு பேரும் என்னைத்தான் பார்த்தார்கள். எனக்கு வேறு வழி தெரியவில்லை. கேசட்டில் முடிவே இல்லை, இரண்டும் நான் கட்டிய கதை என்று ஒத்துக்கொண்டேன். சுசீலாவின் முகம் சிவந்தது. அம்சா என்னை மேலும் கீழும் பார்த்தாள். பிறகு மெல்லத் திரும்பி, இரண்டு வருஷத்தில் முதல் தடவையாக ஓரகத்தியின் முகத்தைப் பார்த்துப் பேசினாள்: "வாங்கக்கா, போலாம். இவங்க நம்ம ரெண்டு பேர்கிட்டயும் பொய் சொல்லியிருக்காங்க."

ஆறு வருஷம் நடத்திய கேபிளில் நான் போட்ட நல்ல படங்களுக்கெல்லாம் நன்றி சொல்ல ஒரு ஆள் வந்ததில்லை, பாதிப் படம் போட்ட அந்த ஒரு வாரத்தில்தான் பாதி மயிலாப்பூர் எனக்குச் சொந்தமாயிற்று.