பேக்கரி மாடியில் நாற்பது நாற்காலிகள்

தையலக்காவுக்கு வாயைத் திறப்பதென்றால் குலை நடுக்கம். தன் தையல் கடையில்கூட அளவு நாடாவைக் கழுத்தில் போட்டுக்கொண்டு, தலையாட்டியே காரியத்தை முடித்துவிடுவாள். கணவர் இறந்தபின் அவளிடம் நாலு வார்த்தை நின்று பேசுகிறவர்கள் சபைக்காரர்கள் மட்டும்தான். பேக்கரிக்கு மேலே ஒரே அறை, அதுதான் சபை. போதகர் குடும்பத்தையும் சேர்த்துப் பதினோரு பேர்.

மாதக் கடைசி ஞாயிறு கண்காணிப்பாளர் வந்து பார்ப்பார், இருபது பேராவது இல்லையென்றால் அறையைப் பூட்டிப் போதகரை வேறு ஊருக்கு மாற்றிவிடுவோம் என்று தலைமையிலிருந்து கடிதம் வந்திருந்தது.

"நமக்கு மைக் எதுக்கு பாஸ்டர், மூச்சு விட்டாலே கடைசி வரிசைக்குக் கேக்குமே" என்று தன் வழக்கமான வேடிக்கையைச் சொன்னார் சபையில் ஒருவரான வேன்காரர். அன்றைக்கு யாரும் சிரிக்கவில்லை.

புது ஆட்களை அழைத்துவரப் போதகர் ஆளுக்கொரு தெருவாகப் பங்கு போட்டார். தையலக்காவுக்கு அவள் குடியிருக்கும் கட்டடமே விழுந்தது. பதினாறு கதவுகள். சபைக்கு எப்படி அழைப்பது என்று மூன்று நாள் கண்ணாடி முன் நின்று மனப்பாடம் செய்தாள். முதல் கதவு திறந்ததுமே எல்லாம் பறந்துவிட்டது.

"கிழிஞ்ச துணி ஏதாவது இருக்காம்மா? காசு வேணாம், தைச்சுத் தரேன்" என்று வாய் தானாகச் சொல்லிற்று.

அடுத்தடுத்த கதவுகளிலும் அதே கதைதான். ஒன்பது வீடுகளில் துணி கொடுத்தார்கள். எப்போது வாங்கிக்கொள்வது என்று கேட்டவர்களிடம், ஞாயிறு பத்தரைக்குப் பேக்கரி மாடிக்கு வரச் சொன்னாள். சபையைப் பற்றி ஒரு வார்த்தை வரவில்லை. ராத்திரியெல்லாம் மிஷினில் அழுதுகொண்டே தைத்தாள்.

மற்றச் சபைக்காரர்கள் போன வீடுகளிலெல்லாம் கட்டாயம் வருவதாகச் சொல்லியிருந்தார்கள். அதை நம்பி வேன்காரர் நாற்பது நாற்காலிகள் கொண்டுவந்து போட்டார். ஞாயிறு பத்தேகாலுக்குச் சபைக்காரர்கள் உட்கார்ந்தது போக மற்றதெல்லாம் காலி. பின்வரிசையில் கண்காணிப்பாளர் நோட்டைத் திறந்து உட்கார்ந்திருந்தார். போதகர் ஒரே பாட்டை மூன்றாவது முறை தொடங்கியபோது அவர் குரல் உடைந்தது.

அப்போதுதான் படியில் செருப்புச் சத்தம். ஒன்பது பேர் வாசலில் வந்து நின்றார்கள். போதகரின் மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டு அவர்களை வரவேற்க ஓடினார். கண்காணிப்பாளர் பேனாவை எடுத்தார்.

"இவங்கெல்லாம் புதுசா ஆராதனைக்கு வந்தவங்களா?"

போதகர் தையலக்காவைப் பார்த்தார். பதினொன்றும் ஒன்பதும் இருபது. அவளுக்கும் அது தெரியும்.

"ஆமான்னு சொல்லுங்கக்கா" என்று முணுமுணுத்தார் வேன்காரர்.

"இல்லைங்கய்யா. துணி வாங்க வந்தவங்க. சபைக்கு வாங்கன்னு நான் கூப்பிடவே இல்ல. பயந்துட்டேன்."

அறையில் யாரும் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. துணியை வாங்கியவர்கள் ஒவ்வொருவராகக் கீழே இறங்கினார்கள். தையலக்கா கட்டடத்தின் மூன்றாம் மாடி நர்ஸ் மட்டும் தன் யூனிஃபார்மின் தையலை இழுத்துப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"இவ்வளவு சேர் யாருக்குக்கா?"

"உங்களுக்குத்தான். அன்னைக்கே சொல்லணும்னு வந்தேன். வாய் வரல."

"சொல்லியிருந்தா கதவச் சாத்தியிருப்பேன்" என்றாள் நர்ஸ். பிறகு வாசலோர நாற்காலியில் உட்கார்ந்தாள். "கால் வலிக்குது. கொஞ்ச நேரம்தான்."

கொஞ்ச நேரம் கடைசி ஜெபம்வரை நீண்டது. கண்காணிப்பாளர் பன்னிரண்டு என்று எழுதினார், நோட்டை மூடினார், போதகரிடம் அறைச் சாவிக்காகக் கையை நீட்டினார். போதகர் கொடுத்துவிட்டார். வேன்காரர் நாற்காலிகளை அடுக்கினார். நர்ஸ் உட்கார்ந்திருந்ததை மட்டும் விட்டுவைத்தார்.

"அடுத்த வாரமும் இங்கதானா?" என்று நர்ஸ் எழுந்தபடியே கேட்டாள்.

தையலக்கா அந்தச் சாவியைப் பார்த்தாள்.

"தெரியலம்மா. எங்கன்னு தெரிஞ்சதும் உங்க கதவத் தட்டுறேன்" என்றாள். "இந்தத் தடவை துணி கேக்க மாட்டேன்."